கொடைக்கானல் வீட்டுக் குழு: பின்பக்க மண்திட்டில் ஒரு குருவி

சனிக்கிழமை, ஏப்ரல்

[காலை 6:20] பெரியம்மா: (குரல் பதிவு, 0:41)

[காலை 6:22] பெரியம்மா: பாப்பா, இதைக் கேள். நாலு நாளாக விடியும் முன்னாலேயே பின்பக்கம் யாரோ சீட்டி அடிக்கிற மாதிரி கேட்கிறது. சாயங்காலம் இருட்டும்போது மறுபடியும்.

[காலை 6:41] அத்தை: கேட்கவே நன்றாக இருக்கிறது மதினி. இழுத்து இழுத்துப் பாடுகிறது, நடுநடுவே கரகரவென்று ஒரு ஓசை.

[காலை 6:50] நான்: பெரியம்மா, ஆளைப் பார்த்தீர்களா? என்ன நிறம்?

[காலை 6:58] பெரியம்மா: நேற்று பாத்திரம் கழுவும்போது பார்த்தேன். சிட்டுக்குருவியைவிட ஒரு சுற்றுப் பெரிது. கருநீலம். கண்ணுக்கு மேலே விபூதிக் கீற்று மாதிரி சின்னதாக வெள்ளை. வயிறும் வெள்ளை. உடம்புக்குக் கால் கொஞ்சம் நீளம். தத்தித் தத்தி வந்து, காய்ந்த இலையை அலகால் புரட்டிப் போட்டு, அடியில் இருந்ததைக் கொத்தித் தின்றது. குழாயை மூடினேன், புதருக்குள் ஓடிவிட்டது. பறக்கக்கூட இல்லை.

[காலை 7:01] நான்: பெரியம்மா!! அது வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி!

[காலை 7:03] அண்ணன்: நீல நிறத்தில் கிளியா?

[காலை 7:06] நான்: நம் கிளி இல்லை அண்ணா. மலையாளத்தில் சின்னப் பறவை எதையும் கிளி என்பார்கள், அந்தக் கிளி. சோலைக்காட்டில் இருக்கிற குருவி என்று பொருள். விஞ்ஞானப் பெயரும் சோலிகோலா. சோலையில் குடியிருப்பது.

[காலை 7:15] அப்பா: ஊட்டியில் வேலை பார்த்தபோது இதே மாதிரி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். ஆனால் விலாப்பக்கம் செம்பழுப்பாக இருந்ததாக ஞாபகம்.

[காலை 7:19] நான்: சரியாகச் சொன்னீர்கள் அப்பா. அது நீலகிரி சோலைக்கிளி, வேறு இனம். நம்முடையதற்கு விலாவும் நீலச் சாம்பல்தான். நடுவில் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறதே, அதைத் தாண்டி இவை அங்கேயும் போவதில்லை, அவை இங்கேயும் வருவதில்லை. பாட்டுகூட வேறு.

[காலை 8:30] பெரியப்பா: எல்லாம் சரி. திங்கட்கிழமை பின்பக்கத்தைச் சுத்தம் செய்ய இரண்டு ஆள் சொல்லியிருக்கிறேன். மே மாதம் எல்லோரும் பிள்ளைகளோடு வருகிறீர்கள். போன வாரம் காட்டுமாடு ஒன்று புதருக்குள் நின்றது, பக்கத்தில் போகும்வரை எனக்குத் தெரியவில்லை. புதரை வெட்டி, மண்திட்டையும் செதுக்கிவிடப் போகிறேன்.

[காலை 8:32] நான்: பெரியப்பா, திட்டில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

[காலை 8:33] நான்: பெரியம்மா, அது வாயில் எதையாவது எடுத்துக்கொண்டு போகிறதா என்று கொஞ்சம் பாருங்களேன். தூரத்தில் இருந்தே.

[காலை 9:47] பெரியம்மா: பார்த்தேன். பாசி. வாய் கொள்ளாமல் பச்சைப் பாசி. திட்டில் இடுப்பு உயரத்தில் வேர் தொங்குகிற இடத்தில் ஒரு குழி இருக்கிறது, அதற்குள் போனது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று வந்தது, அதன் வாயில் வேர்நார். இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன.

[காலை 9:50] நான்: கூடு கட்டுகிறது! ஆணும் பெண்ணும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். மரப்பொந்திலோ இந்த மாதிரி மண்திட்டுக் குழியிலோதான் கட்டும். பெரும்பாலும் இரண்டே முட்டை.

[காலை 9:58] அண்ணன்: யூடியூபில் இதன் பாட்டு இருக்கும் இல்லையா? போனில் போட்டால் வெளியே வரும், அம்மா நல்ல படமாக எடுக்கலாம்.

[காலை 10:02] நான்: வேண்டாம் அண்ணா. தன் இடத்துக்குள் வேறு ஆண் நுழைந்துவிட்டது என்று நினைத்துச் சண்டைக்கு வரும். கூட்டு வேலையை விட்டுவிட்டு உன் போனோடு மல்லுக்கு நிற்கும். படம் இல்லாவிட்டால் பரவாயில்லை.

[காலை 10:03] அண்ணன்: சரி சரி. போடவில்லை.

[காலை 10:20] பெரியப்பா: பாப்பா, நான் பறவைக்கு விரோதி இல்லை. பின்னால் ஐம்பதடி போனால் சோலைதான். அங்கே போய்க் கட்டிக்கொள்ளாதா?

[காலை 10:34] நான்: நியாயமான கேள்வி பெரியப்பா, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். அந்தச் சோலையில் ஏற்கெனவே வேறு ஜோடிகள் இடம் பிடித்திருக்கும், உள்ளே விடாது. அடுத்த மலைக்கும் போகாது. சிறகு குட்டை, தரையோடு வாழ்கிற பறவை, வெயில் வெட்டவெளி ஆகாது. உலகத்திலேயே பாலக்காட்டுக் கணவாய்க்கும் செங்கோட்டைக் கணவாய்க்கும் நடுவில் உள்ள மலைகளில்தான் இது இருக்கிறது. ஆனைமலை, மூணாறு, நம் பழனிமலை, மேகமலை என்று. அதிலும் உயரத்தில் இருக்கிற சோலைகளில் மட்டும். கீழே கடல் மாதிரி சமவெளி, மேலே தீவு மாதிரி மலை. இப்போது தீவுக்குள்ளேயே சோலைகள் துண்டு துண்டாகிவிட்டன. நடுவில் தேயிலை, சீகை (வாட்டில் மரம்), தைலமரம், கட்டடம். அப்படித் துண்டானது இதன் மரபணுவிலேயே தெரிகிறது என்று ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

[காலை 10:41] அப்பா: அண்ணே, அவள் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

[காலை 10:52] நான்: இன்னொன்று. 1868-இல் பிளான்ஃபோர்டு என்ற வெள்ளைக்காரர் இதற்கு முதலில் விஞ்ஞானப் பெயர் வைத்தார். அதற்கப்புறம் உருவத்தைப் பார்த்தே ஒவ்வொருவரும் ஒவ்வொரு பேரினத்தில் சேர்த்தார்கள். ரொம்ப காலம் இமயமலைக் குட்டைச் சிறகுக் குருவிகளோடு இருந்தது. 2017-இல்தான் வி.வி. ராபின் என்ற ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் மரபணுவைப் பார்த்து, இது அங்கேயும் சேராது, இந்த மலையிலேயே தனியாக உருவான குலம் என்று காட்டி, சோலிகோலா என்று புதுப் பேரினமே வைத்தார்கள். செங்கோட்டைக்குத் தெற்கே அகத்தியமலைப் பக்கம் இருப்பது மூன்றாவது இனம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நூற்றைம்பது வருஷம் யாரென்றே சரியாகத் தெரியாமல் இருந்த பறவை பெரியப்பா, நம் வீட்டுத் திட்டில் பாசி சுமக்கிறது.

[காலை 11:05] அத்தை: சோலை என்ற சொல் விஞ்ஞானப் பெயரில் இருக்கிறதா? எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. அண்ணே, விட்டுவிடுங்கள்.

[காலை 11:40] பெரியப்பா: எத்தனை நாள் வேண்டும்?

[காலை 11:42] நான்: ஜூன் முடியும்வரை. வாசல் பக்கமும் நடைபாதை ஓரமும் தாராளமாக வெட்டுங்கள், காட்டுமாடு நின்றால் தெரிய வேண்டும். திட்டும் அதன் முன்னால் ஒரு பத்தடியும் அப்படியே இருக்கட்டும். கீழே கிடக்கிற சருகையும் கூட்டவேண்டாம், அதன் சாப்பாடு அதற்குள்தான் இருக்கிறது.

[மதியம் 12:10] பெரியப்பா: ஆளிடம் பேசிவிட்டேன். முன்பக்கம் மட்டும்.

[மதியம் 12:11] நான்: 🙏🙏🙏

ஞாயிற்றுக்கிழமை, மே

[காலை 6:35] பெரியம்மா: பாப்பா, இன்றைக்கு வாயில் பாசி இல்லை, புழு. குழிக்குள் போனது, வெறும் வாயோடு வந்தது. நான் காபி குடித்து முடிப்பதற்குள் ஐந்து தடவை.

[காலை 6:36] நான்: குஞ்சு பொரித்துவிட்டது பெரியம்மா!!!

[காலை 6:48] பெரியப்பா: திட்டுக்குப் போகிற வழியில் கயிறு கட்டிவிட்டேன். பிள்ளைகள் வந்தால் சமையலறை ஜன்னலில் இருந்து பார்க்கட்டும். ஆளுக்கு ஐந்து நிமிடம், சத்தம் கூடாது.