இபேயியின் முதல் ஆல்பம்: கலவையா, மேல்பூச்சா?

காகக்கூடு: தெற்குத்தெரு, 2015-ல் வந்த இபேயியின் முதல் ஆல்பத்தை மறுபடியும் தூக்கி வைத்துப் பேசுகிறீர்கள். இபேயி என்பது பாரிஸில் வளர்ந்த இரட்டைச் சகோதரிகள் லீசா-கைந்தே, நவோமி டியாஸின் இசைக்குழு. அப்போது இருவருக்கும் இருபது வயது. குரல்கள் அருமை, மறுக்கவில்லை. ஆனால் ஆர் அண்ட் பி, எலக்ட்ரானிக், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கியூபாவுக்கு வந்த யொருபா மக்களின் வழிபாட்டுப் பாட்டு எல்லாம் கலந்த புது இசை என்கிறீர்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. எனக்குக் கேட்பது பியானோவில் எழுதிய சோகப் பாட்டு, அடியில் கொஞ்சம் பேஸ், கடைசியில் நாலு வரி யொருபா. தயாரித்தவர் எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸ் இசை நிறுவனத்தின் ரிச்சர்ட் ரஸ்ஸல். 2010-ல் அமெரிக்கக் கவிஞர்-பாடகர் கில் ஸ்காட்-ஹெரானுக்கு அவர் செய்த ஆல்பத்தையும் கேட்டுப் பாருங்கள், அதே வெறிச்சோடிய ஒலி.

தெற்குத்தெரு: நாலு வரி என்று கை கழுவிவிட்டீர்கள். ஆல்பம் எலெகுவாவை அழைத்துத்தான் தொடங்குகிறது. சாந்தெரியா, அதாவது கியூபாவின் யொருபா வழி மதம், அதன் சடங்கில் வழி திறக்கும் தெய்வம் அவர். முதல் அழைப்பு அவருக்குத்தான். அடுத்த பாட்டு ஓயா: காற்றுக்கும் சுடுகாட்டு வாசலுக்கும் உரியவள். அப்பா மிகேல் ‘ஆங்கா’ டியாஸ் 2006-ல் இறந்தபோது இவர்களுக்கு 11 வயது. அக்கா யனீரா 2013-ல் இறந்தார். அவர் பெயரிலும் ஒரு பாட்டு இருக்கிறது. இவர்கள் ஓயாவைக் கூப்பிடுவதை மேல்பூச்சு என்பீர்களா?

காகக்கூடு: துக்கம் உண்மைதான். அதனால் பாட்டு நன்றாக இருந்தாக வேண்டுமா? ஆங்கா, கியூபாவின் புகழ்பெற்ற புவெனா விஸ்டா குழுக் கலைஞர்களோடு வாசித்த பெரிய கொங்கா மேளக் கலைஞர். அது அவர் கெட்டிக்காரத்தனம். நான் கேட்பது மகள்களின் இசையைப் பற்றி.

தெற்குத்தெரு: சரி, இசைக்கே வருவோம். ‘ரிவர்’ பாட்டை எடுங்கள். பாடுகிறவள் ஆற்றிடம் தன்னைக் கழுவச் சொல்கிறாள். ஆங்கிலத்தில் ஓடிய பாட்டு, கடைசியில் ஓஷூனுக்கான யொருபா அழைப்பில் போய்ச் சேர்கிறது. ஓஷூன் ஆற்றுத் தெய்வம். முழுப் பாட்டும் நடந்து போனதே அந்த இடத்துக்குத்தான். ஒட்டுவேலை என்றால் அதை வெட்டி எடுத்தாலும் பாட்டு நிற்கவேண்டும். எடுத்துப் பாருங்கள், நிற்காது.

கஞ்சிராக்காரன்: நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். இரண்டு பேரும் தாளத்தைத் தொடவே இல்லை. யொருபா வழிபாட்டில் பாட்டா மேளம் மூன்று. பெரியது இயா, அது பேசும். மற்ற இரண்டும் பதில் சொல்லும். இங்கே நவோமி ஒரே ஆள். பாட்டாவும் வாசிக்கிறார், கஹோன் என்கிற மரப்பெட்டியில் உட்கார்ந்து அதையும் அடிக்கிறார். மூன்று பேர் பேச்சை ஒருவரே பேச முடியாது. அந்தக் காலி இடத்தில் ரஸ்ஸல் பேஸை வைத்திருக்கிறார். காகக்கூடு சொல்லும் வெறுமை இதுதான். ஆனால் எனக்கு அது பிடித்திருக்கிறது. நிரப்பியிருந்தால் ஹோட்டல் லாபியில் ஓடும் ‘உலக இசை’ ஆகியிருக்கும்.

காகக்கூடு: பாருங்கள், மேளம் குறைந்துவிட்டது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

கஞ்சிராக்காரன்: குறைந்தது மேளம். கலவை போதாது என்று நான் சொல்லவில்லையே, அண்ணா. சிந்தசைசரும் மேளமும் ஒன்றுக்கொன்று வழிவிட்டுத்தான் வாசிக்கின்றன.

புதுக்காது: பியான்சே 2016-ல் தன் ‘லெமனேட்’ படத்தில் இவர்களைக் காட்டினாரே, அதைவிட என்ன சான்று வேண்டும்?

தெற்குத்தெரு: தம்பி, என் கட்சிக்காகத்தான் பேசுகிறாய், ஆனால் அது சான்று இல்லை. நல்ல முகம், நல்ல உடை என்றுகூடக் கூப்பிட்டிருக்கலாம்.

காகக்கூடு: இதில் மட்டும் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஆனால் ஆல்பத்தின் பின்பாதியைப் பற்றி யாருமே வாய் திறக்கவில்லை. ‘மாமா சேஸ்’ பாட்டைத் தாண்டிய பிறகு ஒரே வேகம், ஒரே இருட்டு. 13 பாட்டில் மூன்றை வெட்டியிருக்கலாம். கலவை என்றால் அங்கேதான் வேறு நிறம் வந்திருக்க வேண்டும்.

தெற்குத்தெரு: பின்பாதி தொய்வு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ‘யனீரா’வில் மட்டும் கை வைக்க விடமாட்டேன். எந்த மூன்று என்று சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.

காகக்கூடு: ‘ஃபெய்த்ஃபுல்’, ‘வெதர்மேன்’. மூன்றாவதைச் சொன்னால் அடிக்க வருவீர்கள்.