கிழக்கு ஆப்பிரிக்கா ஒரே நாடாகுமா?

தராசுமுள்:
கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் என்ற கூட்டமைப்பில் எட்டு நாடுகள், தான்சானியாவின் அருஷாவில் தலைமையகம், சட்டமன்றம், நீதிமன்றம். எல்லாம் இருந்தும் 2017 மே உச்சி மாநாட்டில், கூட்டாட்சிக்கு முன்படியாகத் தளர்வான கூட்டிணைவு போதும் என்று இறங்கி வந்தார்கள். அதுவும் காகிதத்தில்தான். பொது நாணயத்துக்குக் கெடு 2024. இப்போது 2031 என்கிறார்கள். மூட்டை கட்டிவிடலாம்.

வடக்குவாசல்:
நாணயத்தை விடுங்கள், கென்யா-உகாண்டா நடுவே மலாபா எல்லையைப் பாருங்கள். கென்யாவின் மொம்பாசா துறைமுகத்திலிருந்து உகாண்டாவின் கம்பாலா போகும் லாரி முன்பு கென்யா பக்கம் ஒரு வரிசை, உகாண்டா பக்கம் இன்னொரு வரிசை நிற்கும். இப்போது நேரே உகாண்டா பக்கத்துக் கட்டடம்; இரு நாட்டு அதிகாரிகளும் அங்கேயே இருக்கிறார்கள். சரக்கு துறைமுகத்தில் கிடக்கும்போதே உகாண்டாவுக்கு வரி கட்டியாகிவிடும். இது ஒன்றியம் இல்லாமல் வேறென்ன?

தராசுமுள்:
லாரியில் அரிசி இருந்தால்? வெளியிலிருந்து வரும் அரிசிக்கு எல்லா உறுப்பு நாடுகளும் போடவேண்டிய பொதுவரி 75 சதவீதம் அல்லது டன்னுக்கு 345 டாலர், எது அதிகமோ அது. கென்யா பல வருடமாக விலக்கு வாங்கி 35 சதவீதத்தில் இறக்குகிறது. அந்த அரிசி வேறு உறுப்பு நாட்டுக்குப் போனால் பொதுவரிதான். அப்புறம் எந்த மூட்டை எந்த வரியில் வந்தது என்று பார்க்க எல்லையில் ஆள் போடாமல் எப்படி? ஜூலை பிறந்தால் புது விலக்குப் பட்டியல் வேறு.

பழையகணக்கு:
1967-இல் தொடங்கிய பழைய சமூகத்தில் கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றுக்கும் ரயில், துறைமுகம், விமானம், தபால் எல்லாம் பொது. இன்று அவ்வளவு நெருக்கம் கிடையாது. அதுவே 1977-இல் உடைந்தது. 1971-இல் உகாண்டாவில் இடி அமீன் ஆட்சியைப் பிடித்ததும் அவரோடு ஒரே மேசையில் உட்காரத் தான்சானிய அதிபர் நைரேரே மறுத்துவிட்டார். மூவரும் கூடாமல் முடிவு கிடையாது. சொத்துப் பிரிக்கவே 1984 ஆயிற்று: கென்யா 42, தான்சானியா 32, உகாண்டா 26 சதவீதம். நம்மூர்ப் பாகப்பிரிவினை வழக்கு தோற்றது போங்கள்.

வடக்குவாசல்:
அந்த அடி பட்டுத்தான் இன்றைய சமூகத்துக்கான 1999 ஒப்பந்தத்தை எழுதினார்கள். இப்போதும் தலைவர்கள் ஒருமனதாகத்தான் முடிவெடுக்க வேண்டும். ஆனால் ஒரு நாட்டை இடைநிறுத்தும்போது அந்த நாட்டின் குரல் கணக்கில் வராது. 148-ஆவது பிரிவைப் படியுங்கள்.

பழையகணக்கு:
படித்தேன். 2019 பிப்ரவரியில் ருவாண்டா, உகாண்டாவுடனான கதுனா எல்லையை மூடியது. 2022 ஜனவரி கடைசியில்தான் திறந்தது. அந்த மூன்று வருடமும் அந்தப் பிரிவை யாரும் தொடவில்லையே! திறந்ததும் அருஷாவால் இல்லை. உகாண்டா அதிபர் முசேவேனியின் மகன் கிகாலிக்குப் போய் ருவாண்டா அதிபர் ககாமேயைப் பார்த்தார், கதவு திறந்தது.

வடக்குவாசல்:
அது சரிதான். ஆனால் அப்போதும் சரக்கு லாரிகளை ககிடும்பா என்ற இன்னொரு எல்லை வழியாக விட்டார்கள். உகாண்டாவுக்குப் போக விடாமல் தடுத்தது ருவாண்டா மக்களைத்தான்.