முதுகுல 11 நம்பர், ரீவா: யாருங்க இவரு, ஏன் பெரிய கிளப்புக்கு போகல?

பனியன்காரன்_திருப்பூர் கேட்டது:

வணக்கமுங்க. நானு ஒரு பனியன் கம்பெனில சாம்பிள் செக்‌ஷன் பாக்கறேன். போன வாரம் இத்தாலி பையர் ஒருத்தர்கிட்ட இருந்து பழைய காலத்து புட்பால் ஜெர்சி மாதிரி ஒரு ஆர்டர் வந்துச்சு, வெள்ளத்துணி, கழுத்துலயும் கையிலயும் செவப்பு நீலம் பட்டி, முன்னாடி ஷூ லேஸ் மாதிரி கயிறு போட்டு கட்டற கழுத்து, முதுகுல 11. டெக் பேக், அதான் டிசைன் விவரத் தாள், அது ஓரத்துல "ரீவா, காலியரி, 1970"ன்னு மட்டும் போட்டிருக்காங்க. எனக்கு இத்தாலின்னா பாஜ்ஜியோ, மால்டினி, அதுக்கு மேல ஒண்ணும் தெரியாதுங்க. நெட்ல தேடுனா 42 மேட்ச்ல 35 கோல், இத்தாலி டீமுக்கு இன்னைக்கு வரைக்கும் இவருதான் டாப்புன்னு வருது. சரி, அப்ப மிலன்லயோ யுவென்டஸ்லயோ ஆடியிருப்பாருன்னு பாத்தா, ஆளு 1963ல இருந்து 1976 வரைக்கும் காலியரிலயே கெடந்திருக்காரு. லீக் சாம்பியன் ஒரே ஒரு தடவை. ஏனுங்க, இத்தனை பெரிய ஆளுக்கு வேற எடமே கிடைக்கலயா? விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

கணபதி_பட்டறை:

தம்பி நல்ல ஆளைத்தான் கேட்டிருக்கீங்க. ஜீஜீ ரீவா. பொறந்தது 1944 நவம்பர் 7, வடக்கு இத்தாலில மஜோரே ஏரிக்கரைல லெஜ்ஜூனோன்னு ஒரு சின்ன ஊரு. காலியரிங்கறது சார்டினியா தீவுல இருக்கற ஊரு, அந்தத் தீவு இத்தாலிக்கு மேக்க கடலுக்குள்ள இருக்குது. ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது, நம்ம வால்பாறைக்காரன் போயி ராமேஸ்வரத்துல குடியேறுன மாதிரி வெச்சுக்கங்க.

எனக்கு இவரு மேல தனிப் பிரியம் வந்ததுக்கு காரணம் புட்பால் இல்லீங்க. அவங்கப்பா பவுண்டரில வேலை பாத்தவரு. ரீவா சின்னப் பையனா இருக்கும்போது, 1953ல, மிஷின்ல இருந்து ஒரு இரும்புத் துண்டு தெறிச்சு வந்து அடிச்சு அங்கயே போயிட்டாரு. நானு 22 வருசம் பவுண்டரில இருந்தவன், கிரைண்டிங் வீல் ஒடஞ்சு தெறிச்சதை கண்ணால பாத்திருக்கேன், சத்தம் கேட்டு தலையைத் திருப்பறதுக்குள்ள அது செவுத்துல போயி பதிஞ்சு கெடக்கும். எங்க பட்டறைல அன்னைக்கு ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல, சாமி புண்ணியம். அன்னைக்கு ராத்திரி எனக்கு சோறு எறங்கல. அதை நினைச்சுட்டுதான் இந்தாளு கதையைப் படிச்சேன்.

அப்பறம் பையனை சாமியாருங்க நடத்துன ஹாஸ்டல்ல போட்டாங்க, அங்க அவருக்கு சுத்தமா புடிக்கல. பெரிய பையனா ஆகறதுக்குள்ள அம்மாவும் போயிட்டாங்க, அக்கா பவுஸ்தாதான் அம்மா மாதிரி பாத்துக்கிட்டது. லெஞ்ஞானோன்னு ஒரு மூணாவது டிவிஷன் டீம்ல ஒரு சீசன் ஆடிட்டு 1963ல காலியரிக்கு வந்தாரு, அப்ப அது ரெண்டாவது டிவிஷன். அடுத்த வருசமே டீம் மேல ஏறிருச்சு. முதல்ல அவருக்கும் போக மனசில்லைங்க, அந்தக் காலத்துல சார்டினியான்னா தப்புப் பண்ணுன போலீஸ்காரனை மாத்தி விடற ஊரு, தண்ணியில்லாக் காடு மாதிரி. போனவரு அங்கயே தங்கிட்டாரு. ரிட்டயர் ஆன பொறகும் தங்கி, 2024 ஜனவரி 22ல காலியரிலயே செத்தாரு, 79 வயசு.

உக்கடம்_லெஃப்ட்_விங்:

அண்ணன் குடும்பக் கதை சொல்லிட்டாரு, நான் ஆட்டத்தை சொல்றேன். முழுக்க முழுக்க இடது காலு. அவரு ஷாட்டு எப்படின்னா, ஒருக்கா பிராக்டீஸ்ல கோலுக்குப் பின்னாடி நின்னு வேடிக்கை பாத்த சின்னப் பையன் மேல பால் பட்டு கை ஒடஞ்சு போச்சு, அந்தளவுக்கு. ஜான்னி பிரேரான்னு பெரிய ஸ்போர்ட்ஸ் ரைட்டர் வெச்ச பேரு "ரோம்போ தி துவோனோ", இடி முழக்கம்னு அர்த்தம்.

1969-70 சீசன்தான் அந்த ஜெர்சி. 30 மேட்ச், காலியரி மொத்தமா அடிச்சது 42 கோல், அதுல ரீவா மட்டும் 21. பாதி! எதிர் டீமுங்ககிட்ட வாங்குன கோல் வெறும் 11. கோல் கீப்பர் அல்பெர்தோசி. கோச் மான்லியோ ஸ்கோப்பிஞ்ஞோ, தத்துவக்காரர்னு பட்டப்பேரு. 1970 ஏப்ரல் 12ல பாரியை 2-0ன்னு அடிச்சு அம்சிகோரா மைதானத்துல கப்பு கன்ஃபர்ம், முதல் கோல் யாருன்னு சொல்ல வேண்டியதில்ல. ரோமுக்கு தெக்கால இருந்து லீக்க ஜெயிச்ச முதல் டீம் அதுதான், அடுத்து நேபிள்ஸ் மரடோனாவோட ஜெயிக்கறதுக்கு 1987 ஆயிருச்சு. அதே சீசன் விசென்சால அடிச்ச பைசைக்கிள் கிக் வீடியோ இருக்கு, பாருங்க, ஆளு காத்துல படுத்துட்டாரு.

நம்மாளுகளுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா 2019ல கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்துல சென்னை சிட்டி மினர்வாவ 3-1ன்னு அடிச்சு ஐ-லீக் ஜெயிச்சது ஞாபகம் இருக்கா, மெயின் கேலரில நானு தொண்டை கட்டிப்போயி ரெண்டு நாளு பேச்சே வரல. கோயமுத்தூரா, புட்பாலான்னு கேட்டவன் எல்லாம் அன்னைக்கு டிக்கெட் கேட்டு போன் பண்ணான். ஆனா அதுல ஒரு வித்தியாசம், நம்ம டீம் பேருலயே சென்னை இருந்துச்சு. அங்க பேரும் ஊரும் ஒண்ணு.

குசும்பன்_பெருந்துறை:

எல்லாரும் தியாகி ஆக்கிட்டீங்களே. அந்தக் காலத்துல இத்தாலில ஆட்டக்காரன் கிளப்புக்கு கட்டுப்பட்டவன், காண்ட்ராக்ட் முடிஞ்சாலும் கிளப் விட்டாத்தான் போக முடியும், அந்த முறைய எடுத்தது 1981 சட்டத்துலதான். அப்ப போக முடியாதவனைப் போயி "போகல, போகல, விசுவாசம்"னா எப்படிங்க. வேலைக்காரன் முன்பணம் வாங்கிட்டு தறியிலயே கெடக்கறதை விசுவாசம்னு மொதலாளி சொல்ற மாதிரி இருக்கு 😄

கணபதி_பட்டறை:

குசும்பா, நீ சொல்ற சட்டம் சரி, ஆனா கதை தலைகீழு. ஆட்டக்காரன் போகணும்னு நெனச்சு கிளப் விடலைன்னா அது நீ சொல்றது. இங்க கிளப்பு விக்க ரெடி, இவருதான் மாட்டேன்னது. யுவென்டஸ் தலைவரு போனிபெர்ட்டி, அவரே பெரிய ஆட்டக்காரர்தான், ரெண்டாம் உலகப்போர் முடிஞ்ச அடுத்த வருசம் 1946ல இருந்து 1961 வரைக்கும் யுவென்டஸ்லயே ஆடுனவரு, அவரு விடாம கேட்டுக்கிட்டே இருந்தாரு. 1973ல பணத்தோட ஆட்டக்காரங்களையும் சேத்துத் தர்றோம்னு பேசி முடிச்சு, ரீவா முடியாதுன்னுட்டாரு. அந்தக் காலத்து பணக்கார வீட்டுல இருந்து தேடி வந்த சம்பந்தத்தை வேண்டாம்னு சொன்ன மாதிரி.

அதுக்குள்ள ரெண்டு காலும் ஒடஞ்சிருச்சுன்னும் கணக்குல எடுத்துக்க. 1967 மார்ச்ல ரோம்ல போர்ச்சுக்கல் கூட ஆடும்போது கோல் கீப்பரோட மோதி இடது காலு. அந்த சீசன் அத்தோட முடிஞ்சும் 18 கோலோட டாப் ஸ்கோரர் அவருதான். 1970 அக்டோபர் 31 வியன்னால ஆஸ்திரியா கூட வலது காலு. ரெண்டு தடவையும் நாட்டுக்கு ஆடும்போது ஒடஞ்சது, நஷ்டம் காலியரிக்கு. ரெண்டாவது தடவை காலியரி அப்பதான் ஐரோப்பிய கப்புல அத்லெட்டிகோ மாட்ரிட்டை 2-1ன்னு சொந்த ஊர்ல அடிச்சு வெச்சிருந்துச்சு, நாலு நாள் கழிச்சு மாட்ரிட்ல ரீவா இல்லாம 0-3. முடிஞ்சு போச்சு. ஒடஞ்சு கட்டுப்போட்டு ஊட்டுல கெடந்தவனை அந்தத் தீவே பாத்துக்கிச்சு, அது கணக்குல வராதா? என்னோட கணிப்புல பொறந்த ஊர்ல குடும்பம் கொறஞ்சு போன பையனுக்கு அங்க ஒரு ஊரே ஒறம்பறை ஆயிருச்சு. இதை விசுவாசம்னு சொல்லு, பிடிவாதம்னு சொல்லு, என்னமோ சொல்லு.

குசும்பன்_பெருந்துறை:

சரி சரி அண்ணா, 1973 விசயம் எனக்குத் தெரியாது, ஒத்துக்கறேன். முன்பண உதாரணத்தை வாபஸ் வாங்கிக்கறேன்.

உக்கடம்_லெஃப்ட்_விங்:

நாட்டுக்கு ஆடுனது விட்டுப்போச்சு. 1968 யூரோல, அதான் ஐரோப்பிய நாடுகளுக்கான கப்புல, செமி பைனல் சோவியத் யூனியனோட கோலே இல்லாம டிரா, காசு சுண்டிப் போட்டு இத்தாலி பைனலுக்கு வந்துச்சு, நம்ம தெருவுல கூட அப்படி முடிவு பண்ண மாட்டோம். பைனலும் யூகோஸ்லாவியாவோட 1-1 டிரா, ரெண்டு நாள் கழிச்சு திரும்ப ஆடுனாங்க, அதுலதான் ரீவா எறங்குனாரு, முதல் கோல் அவருது, 2-0. 1970 வேர்ல்டு கப் செமில ஜெர்மனியோட 4-3, எக்ஸ்ட்ரா டைம்ல மூணாவது கோல் ரீவா. பைனல்ல பெலே டீம்கிட்ட 1-4. அந்த ஸ்குவாட்ல காலியரி ஆளுங்க மட்டும் ஆறு பேரு!

1976 பிப்ரவரில மிலன் மேட்ச்ல தொடை தசை கிழிஞ்சு 31 வயசுலயே முடிஞ்சிருச்சு. அந்த சீசனே காலியரியும் கீழ எறங்கிருச்சு. 2005ல 11ஆம் நம்பரையே இனி யாருக்கும் கிடையாதுன்னு எடுத்து வெச்சுட்டாங்க.

பனியன்காரன்_திருப்பூர்:

அண்ணன்மாரே, இத்தனை எழுதுவீங்கன்னு எதிர்பாக்கலீங்க. நேத்து சாம்பிள் ரெடி பண்ணும்போது எங்க பிரிண்டிங் பையன் நம்பருக்கு மேல ரீவான்னு பேரையும் அடிச்சு வெச்சிருக்கான், டெக் பேக்ல அந்த எடம் காலியா இருந்துச்சு, டிசைனர் மறந்துட்டாருன்னு நெனச்சுட்டானாம். இப்ப ஒரு சந்தேகம், அந்தக் காலத்துல முதுகுல பேரு போடுவாங்களா?

கணபதி_பட்டறை:

போட மாட்டாங்க தம்பி. அப்ப நம்பர் மட்டுந்தான்.

பனியன்காரன்_திருப்பூர்:

அட கெரகமே. 12 பீஸ் போட்டு வெச்சிருக்கானுங்க. ரப்பர் பிரிண்ட் வேற, உரிச்சா துணி மேல தடம் நிக்கும். காலைல முதல் வேலையா புதுசா வெட்டச் சொல்லணும். அந்தப் பன்னெண்டுல ஒண்ணை ஊட்டுக்கு எடுத்துட்டுப் போறேன், கணபதி அண்ணனுக்கு ஒண்ணு அனுப்பட்டுங்களா, சைஸ் என்னங்க?