“எக்ஸ்கிளெய்ம்ட் தட்” என்று எழுதினால் போதுமா? உணர்ச்சி வாக்கியத்தை அயற்கூற்றாக்குவது பற்றி

தாமரை_பீஷான்:
சிங்கப்பூர் தொடக்கநிலை 6, ஆங்கிலம் இரண்டாம் தாள், சிந்தசிஸ் பகுதி (கொடுத்த வாக்கியத்தைப் பொருள் மாறாமல் வேறு வடிவில் எழுதுவது). கொடுத்திருக்கும் வாக்கியம்:

“வாட் எ லவ்லி கார்டன்!” செட் மெய் லிங்.

பயிற்சி நூலின் பின்பக்கத்தில் இருக்கும் விடை: “மெய் லிங் எக்ஸ்கிளெய்ம்ட் வித் ஜாய் தட் இட் வாஸ் எ வெரி லவ்லி கார்டன்.”
டியூஷனில் கொடுத்த விடை: “மெய் லிங் எக்ஸ்கிளெய்ம்ட் வாட் எ லவ்லி கார்டன் இட் வாஸ்.”
மகன் எழுதுவது: “மெய் லிங் எக்ஸ்கிளெய்ம்ட் தட் வாட் எ லவ்லி கார்டன்.”

எது சரி, ஏன் சரி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். “இதுதான் விடை, மனப்பாடம் பண்ணு” என்றால் அவன் கேட்க மாட்டான்.

மரபிலக்கணம்:
தாமரை, நூலில் இருக்கும் விடைதான் முறையான விடை. மகனுக்கு இந்த வரிசையில் சொல்லிக் கொடுங்கள். மேற்கோள் குறியை எடுத்துவிட வேண்டும். “செட்” என்பது “எக்ஸ்கிளெய்ம்ட்” ஆகும். அடுத்து “தட்”. “வாட் எ” போய்விடும். அது சுமந்த அழுத்தத்தை “வெரி” சுமக்கும். மூல வாக்கியத்தில் எழுவாயும் வினையும் இல்லாததால் “இட் வாஸ்” சேர்க்க வேண்டும். வியப்புக்குறி இருந்த இடத்தில் முற்றுப்புள்ளி.

பெயரடை இல்லாமல் பெயர்ச்சொல் மட்டும் வந்தால் “வெரி” ஒட்டாது, “கிரேட்” போட வேண்டும். “வாட் எ பிட்டி!” என்பது “தட் இட் வாஸ் எ கிரேட் பிட்டி” ஆகும். “ஹவ்” வந்தால் சொல்லின் இடமும் மாறும்: “ஹவ் ஃபாஸ்ட் ஹீ ரன்ஸ்!” என்பதில் முன்னால் நிற்கும் “ஃபாஸ்ட்”, “தட் ஹீ ரேன் வெரி ஃபாஸ்ட்” என்று கடைசிக்குப் போய்விடும். “ஹுர்ரா” என்றால் “வித் ஜாய்”, “அலாஸ்” என்றால் “வித் சாரோ”.

அயற்கூற்று என்பது செய்தி சொல்லும் வாக்கியம். அதற்குள் வியப்பின் வடிவம் நிற்கக் கூடாது. டியூஷன் விடை வழுக்குவது அங்கேதான்.

சொல்வேட்டை:
ஐயா, நீங்கள் சொன்ன படிகளில் குறையில்லை. கடைசிப் பத்தியைத்தான் ஏற்க முடியவில்லை. “ஐ டோல்ட் ஹெர் வாட் எ குட் ஜாப் ஷீ ஹேட் டன்”, “யூ வோன்ட் பிலீவ் ஹவ் கிரௌடட் தேக்கா வாஸ்” என்பவை பிழையில்லாத ஆங்கிலம். இரண்டிலும் வியப்பு வடிவம் வினைக்குப் பின்னால் துணைவாக்கியமாக நிற்கிறது. வினா “வாட்” உள்ளே போகலாம், வியப்பு “வாட்” போகக் கூடாது என்று ஆங்கிலத்தில் விதி கிடையாது.

உங்கள் முறையில் இரண்டு இடத்தில் பொருள் சிதைகிறது. மெய் லிங் மகிழ்ந்தாள் என்று மூலத்தில் எங்கே இருக்கிறது? அவள் பொறாமைப்பட்டிருக்கலாம், வியந்து மட்டும் நின்றிருக்கலாம். “வாட் எ சர்ப்ரைஸ்!” என்று எரிச்சலோடும் சொல்வார்கள். மூலத்தில் ஆதாரம் இல்லாமல் “வித் ஜாய்” போட்டால் அது நாம் கட்டிய கதை.

இரண்டாவது, “வாட் எ ஹவுஸ்!” என்பதை உங்கள் வழியில் மாற்றிப் பாருங்கள். “வெரி ஹவுஸ்” என்று எழுத முடியாது. “கிரேட் ஹவுஸ்” என்றால் புகழ்ச்சியாகிவிடும். சொன்னவர் ஒட்டடையைப் பார்த்து முகம் சுளித்தவராகவும் இருக்கலாமே. “எக்ஸ்கிளெய்ம்ட் வாட் எ ஹவுஸ் இட் வாஸ்” என்று எழுதினால் இரண்டு பொருளும் அப்படியே தங்கும்.

மரபிலக்கணம்:
தம்பி, “ஹவ்” விஷயத்தில் இருக்கும் ஆபத்தைப் பார்க்காமல் போகிறீர்கள். “ஹீ நியூ ஹவ் டால் தி டவர் வாஸ்.” கோபுரம் எத்தனை மீட்டர் என்று தெரியும் என்கிறதா, எவ்வளவு உயரம் என்று வியக்கிறதா? இரண்டு பொருளும் வருகிறது. “தட் இட் வாஸ் வெரி டால்” என்றால் சந்தேகத்துக்கே இடமில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தெளிவான வழிதான் வேண்டும்.

சொல்வேட்டை:
“நியூ” போட்டால் குழப்பம் வரும், உண்மை. அயற்கூற்றில் நாம் அந்த வினையைப் போடுவதில்லையே. “ஆஸ்க்ட் ஹவ் டால் இட் வாஸ்” என்றால் கேள்வி. “எக்ஸ்கிளெய்ம்ட் ஹவ் டால் இட் வாஸ்” என்றால் வியப்பு. அறிவிப்பு வினையே பொருளைத் தீர்த்துவிடுகிறது. “வாட் எ” வந்தால் இந்தச் சந்தேகமே எழாது: வினா “வாட்” பின்னால் “எ” வராது. “வாட் புக் டிட் யூ பை?” என்றுதான் கேட்போம், “வாட் எ புக்” என்றால் அது வியப்பு மட்டுமே.

தெளிவான வழி என்கிறீர்கள். “வாட் ஆன் எக்ஸலன்ட் ஐடியா!” என்பதை அந்த வழியில் மாற்றினால் “எ வெரி எக்ஸலன்ட் ஐடியா” என்று வரும். “எக்ஸலன்ட்”, “பர்ஃபெக்ட்”, “இனார்மஸ்”, “டெலிஷஸ்” போன்ற சொற்களுக்குள்ளேயே “மிக” இருக்கிறது. அவற்றுக்கு முன்னால் இன்னொரு “வெரி” போட்டால் காதில் இடறும். விதியை அச்சு மாறாமல் பின்பற்றிய பிள்ளையிடமிருந்துதான் இந்தப் பிழை வரும்.

உட்லண்ட்ஸ்_டீச்சர்:
இருவரும் சொல்வது இலக்கணப்படி நிற்கும். தாமரை அக்காவின் மகனுக்குத் தேர்வுத்தாளில் எதை எழுதுவது என்று தெரிய வேண்டும், அதைப் பார்ப்போம்.

பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு) ஆங்கிலத்தில் இந்தப் பகுதிக்கு 5 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண், ஆக 10. பாடத்தின் மொத்த மதிப்பெண் 200 என்பதால் இது நூற்றுக்கு 5. ஏஎல் (அடைவுநிலை) 2 என்ற தரநிலையே நூற்றுக்கு 85இலிருந்து 89 வரைதான். தள்ளிவிடக்கூடிய பகுதி இல்லை. வினாவில் சொல்லோ சொற்றொடரோ கொடுத்திருப்பார்கள். அதைப் பயன்படுத்தி, மூலத்தின் பொருள் மாறாமல், ஒரே வாக்கியமாக எழுத வேண்டும்.

ஆகவே எந்த வழி என்பதைக் கொடுத்திருக்கும் சொல்லே முடிவு செய்கிறது. “மெய் லிங் எக்ஸ்கிளெய்ம்ட் தட்” என்று தொடங்கினால் மரபிலக்கணம் ஐயா சொன்ன வழி. அங்கே “வாட்” வரவே கூடாது. “மெய் லிங் எக்ஸ்கிளெய்ம்ட் வாட்” என்று தொடங்கினால் சொல்வேட்டை சொன்ன வழி. அங்கே “வெரி” கூடாது. “மெய் லிங் எக்ஸ்கிளெய்ம்ட்” என்பதோடு நின்றால் இரண்டில் எதையும் எழுதலாம். “ரிமார்க்ட் ஆன்” என்று இருந்தால் “தட்” ஒட்டாது, “ரிமார்க்ட் ஆன் வாட் எ லவ்லி கார்டன் இட் வாஸ்” என்றுதான் போக வேண்டும்.

“வித் ஜாய்” விஷயத்தில் நான் சொல்வேட்டை பக்கம். “பொருள் மாறக் கூடாது” என்று தாளே சொல்லும்போது இல்லாத உணர்ச்சியைச் சேர்ப்பது வீண் ஆபத்து. மூலத்தில் “ஹுர்ரா” இருந்தாலோ, “செட் மெய் லிங் ஹேப்பிலி” என்று இருந்தாலோ கட்டாயம் சேர்க்க வேண்டும். அங்கே விட்டால்தான் பொருள் குறையும். “வெரி” ஒட்டாத பெயரடை வந்தால் “ட்ரூலி” போடலாம்.

இனி மகன் எழுதிய “தட் வாட்”. இது கவனக்குறைவு இல்லை, தமிழ் வீட்டுப் பிள்ளைகளிடம் காரணத்தோடு வரும் பிழை. தமிழில் “என்ன அழகு என்று வியந்தாள்” என்போம். எந்த வகை வாக்கியத்துக்குப் பின்னாலும் “என்று” வரலாம். உள்ளே இருக்கும் வாக்கியம் ஓர் எழுத்துகூட மாற வேண்டியதில்லை. பிள்ளை “தட்” என்பதை “என்று” போலவே கையாளுகிறான். ஆங்கிலத்தில் “தட்” துணைவாக்கியத்தைத் தொடங்கும் சொல், “வாட்”, “ஹவ்” இரண்டும் அதே வேலையைச் செய்யும் சொற்கள். ஒரு துணைவாக்கியத்துக்கு ஒரு தொடக்கம்தான். ஒரு நாற்காலியில் ஒருவர் என்று சொல்லுங்கள், பிடித்துக்கொள்வான். இன்னொரு குறையும் இருக்கிறது பாருங்கள், அவன் வாக்கியத்தில் “இட் வாஸ்” இல்லை. “தட்” வந்தாலும் “வாட்” வந்தாலும் துணைவாக்கியத்துக்கு வினை வேண்டும்.

இதே இடத்தில் சறுக்கும் மற்றவை:
“எக்ஸ்கிளெய்ம்ட் ஹவ் பியூட்டிஃபுல் வாஸ் தி கார்டன்.” எழுவாய் முன்னால் வர வேண்டும்: “ஹவ் பியூட்டிஃபுல் தி கார்டன் வாஸ்.”
“எக்ஸ்கிளெய்ம்ட் ஹிம் தட்…” என்று எழுதக் கூடாது. “டோல்ட் ஹிம்” சரி, “எக்ஸ்கிளெய்ம்ட் டு ஹிம்” சரி.
“வாட் நான்சென்ஸ்!” எண்ண முடியாத பெயர்ச்சொல், “எ” வராது: “தட் இட் வாஸ் அட்டர் நான்சென்ஸ்.” “வாட் லவ்லி ஃபிளவர்ஸ்!” பன்மை, “தே வேர்”.
“வாட் எ கோல் ஹீ ஹேஸ் ஸ்கோர்ட்!” என்பதில் காலம் ஒரு படி பின்னால் போய் “ஹேட் ஸ்கோர்ட்” ஆகும். வியப்பில் கவனம் போய் இதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

மரபிலக்கணம்:
கொடுத்த சொல்லே முடிவு செய்யும் என்பது தேர்வுக்குப் பொருந்தும், சரி. ஆனால் எதுவும் கொடுக்காமல் கட்டுரையிலோ உயர்நிலை வகுப்பிலோ எழுதும்போது, “தட்” வழியில் பழகிய பிள்ளைக்கு வாக்கியத்தின் எலும்புக்கூடு கைவசம் இருக்கும்: எழுவாய், வினை, நிரப்பு. “வாட்” வழியில் வியப்பை ஏறக்குறைய நகல் எடுக்கிறான், கடைசியில் “இட் வாஸ்” ஒட்டுகிறான். எது வினை, எது எழுவாய் என்று யோசிக்கும் வேலையே அங்கே இல்லை. அதனால் “தட்” வழியை முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்ற கருத்தில் மாற்றமில்லை.

சொல்வேட்டை:
கட்டுரையில் “ஹீ எக்ஸ்கிளெய்ம்ட் வித் ஜாய் தட்” என்று எழுதும் பிள்ளை, பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதியவன் போலத் தெரிவான். இன்று நல்ல ஆங்கில நடையில் எழுதுபவர்கள் “மார்வெல்ட் அட் ஹவ்…”, “ரிமார்க்ட் வாட் எ…” என்றுதான் எழுதுகிறார்கள். எலும்புக்கூடு முக்கியம் என்பதை மறுக்கவில்லை. இரண்டையும் ஒரே வாரத்தில் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை தாங்குவான்.

தாமரை_பீஷான்:
“தட்”, “வாட்” இரண்டும் ஒரே வேலை என்று சொன்னதும் மகனுக்குப் புரிந்துவிட்டது. இன்னும் சில கேட்கிறான். “இஸின்ட் இட் லவ்லி!” என்று வியப்புக்குறியோடு வந்தால்? “இஃப் ஒன்லி ஐ ஹேட் மோர் டைம்!”? “ஹேப்பி பர்த்டே!”?

உட்லண்ட்ஸ்_டீச்சர்:
முதலாவது கேள்வி வேடம் போட்ட வியப்பு. “ஆஸ்க்ட் வெதர்” போட்டால் தவறு, அவள் பதிலை எதிர்பார்க்கவில்லை. “எக்ஸ்கிளெய்ம்ட் ஹவ் லவ்லி இட் வாஸ்”, அல்லது “தட் இட் வாஸ் வெரி லவ்லி”. கேள்விக்குள் இருந்த “நாட்” காணாமல் போய்விடும்.

இரண்டாவதற்கு “விஷ்ட்”: “ஹீ விஷ்ட் தட் ஹீ ஹேட் மோர் டைம்.” இங்கே காலம் மாறாது. மூலத்தில் இருக்கும் “ஹேட்” நடக்காததைச் சொல்லும் வடிவம், இறந்த காலம் இல்லை. “ஹேட் ஹேட்” என்று எழுதினால் அன்று நேரம் இல்லை என்பது அதற்கும் முன்னால் நேரம் இல்லை என்று மாறிவிடும்.

மூன்றாவதில் “எக்ஸ்கிளெய்ம்ட்” வேண்டியதே இல்லை. வாழ்த்துக்கு “விஷ்ட் ஹெர் எ ஹேப்பி பர்த்டே”, பாராட்டுக்கு “கங்கிராஜுலேட்டட் ஹிம் ஆன்…”.

மரபிலக்கணம்:
அப்படியே இதையும் கேட்டுப் பாருங்கள் தாமரை: “ஹவ் கைண்ட் ஆஃப் யூ டு கேரி மை பேக்ஸ்!” செட் தி ஓல்ட் லேடி டு ரவி. “யூ”, “மை” இரண்டும் மாற வேண்டும், பிள்ளைகள் ஒன்றை மாற்றி மற்றொன்றை விட்டுவிடுவார்கள். “தி ஓல்ட் லேடி எக்ஸ்கிளெய்ம்ட் தட் இட் வாஸ் வெரி கைண்ட் ஆஃப் ரவி டு கேரி ஹெர் பேக்ஸ்.”

சொல்வேட்டை:
அல்லது “எக்ஸ்கிளெய்ம்ட் ஹவ் கைண்ட் இட் வாஸ் ஆஃப் ரவி டு கேரி ஹெர் பேக்ஸ்.” “யூ” வந்த இடத்தில் “ஹிம்” போடாமல் “ரவி” போட்டது நல்லது, பெயரை வேறு எங்கும் சொல்லாததால் “ஹிம்” யாரென்று தெரியாது.

உட்லண்ட்ஸ்_டீச்சர்:
இதே வாக்கியத்துக்கு “தி ஓல்ட் லேடி தேங்க்ட் ரவி ஃபார்” என்று தொடக்கம் கொடுக்கவும் வாய்ப்பு உண்டு. அப்போது “ஃபார் கேரியிங் ஹெர் பேக்ஸ்” என்று நிறுத்திவிட்டால் “கைண்ட்” விடுபடும், மதிப்பெண் போகும். பெயரடையைப் பெயர்ச்சொல்லாக்க வேண்டும்: “ஃபார் ஹிஸ் கைண்ட்னெஸ் இன் கேரியிங் ஹெர் பேக்ஸ்.” “இன்” போட்டால் அடுத்து “கேரியிங்”தான், “டு கேரி” வராது.