பரனூர் டோலுக்கு முன்னால் கேட்ட கதை

பன்னிரண்டு வருஷமாகச் சென்னையில் ஆக்டிங் டிரைவர் வேலை பார்க்கிறேன். பி.எம்.டபிள்யூ சாவி முதன்முதலாக என் கைக்கு வந்தது போன தை மாதம்தான். அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்து முன்னுக்கு வந்த ஒரு பெரியவரின் 5 சீரிஸ். திண்டிவனத்தில் கல்யாணம், விடியற்காலையிலேயே கிளம்பினோம். ஒரு கீறல் விழுந்தாலும் தாங்க மாட்டோமே என்ற பயத்தில் தாம்பரம் தாண்டும்வரை நான் வாயே திறக்கவில்லை.

சிங்கப்பெருமாள் கோவில் வந்ததும், "தம்பி, கொஞ்சம் மெதுவாப் போங்க, இந்த வண்டி பொறந்த ஊர் இதுதான்" என்றார். எனக்கு ஆச்சரியம். ஜெர்மனியிலிருந்து கப்பலில் வரும் வண்டி என்றுதான் நினைத்திருந்தேன். மகிந்திரா சிட்டியில் 2007 மார்ச்சிலிருந்து தொழிற்சாலை ஓடுகிறதாம். 2015இல் உள்ளூர்ப் பாகங்களைப் பாதி அளவுக்குக் கூட்டியபோது, சச்சின் டெண்டுல்கரே வந்து ஒரு 5 சீரிஸை அசெம்பிள் செய்யக் கை கொடுத்தாராம்.

அப்புறம் அவர் சொன்ன பழைய கதைதான் என் மனதில் நின்றுவிட்டது. ஆரம்பத்தில் பி.எம்.டபிள்யூ கம்பெனிக்காரர்கள் செய்தது விமான எஞ்சின். முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்றதும் அதற்குத் தடை வந்தது. ரயிலுக்கு பிரேக் செய்து பிழைத்தார்கள், 1923இல் பைக் செய்தார்கள், 1928இல் ஐசனாக் என்ற ஜெர்மன் ஊரில் ஒரு கார் கம்பெனியை வாங்கித்தான் கார் பக்கமே வந்தார்கள். இரண்டாம் போருக்குப் பிறகு மறுபடி சரிவு. பணக்காரர்களுக்காகச் செய்த 507 என்ற அழகான கார் 250 சொச்சம்தான் தயாரானது, அதிலும் நஷ்டம். அந்தச் சமயத்தில் சோறு போட்டது இசெட்டா. இத்தாலிக்காரர்கள் வடிவமைத்த முட்டை மாதிரி ஒரு குட்டி வண்டி, பைக்கின் 250 சிசி எஞ்சின், ஒரே கதவு, அதுவும் முன்பக்கம். ஒன்றரை லட்சத்துக்கு மேல் செய்தார்கள்.

அதுவும் போதவில்லை. 1959 டிசம்பரில் கம்பெனியை டெய்ம்லர் பென்ஸுக்குக் கொடுத்துவிடலாம் என்று கூட்டம் போட்டார்கள். சிறிய பங்குதாரர்களும் டீலர்களும் விடவே இல்லை. ஹெர்பர்ட் குவான்ட் என்பவர் துணிந்து பணம் போட்டார். 1961இல் வந்த 1500 என்ற கார் அவர்களைத் தூக்கி நிறுத்தியது.

இதைச் சொல்லும்போது பெரியவர் குரல் கொஞ்சம் மாறியது. "நானும் பட்டறைய விக்க ஒருதடவ கையெழுத்து வரைக்கும் போனேன் தம்பி. என் பசங்கதான் விடல." பசங்க என்று அவர் சொன்னது வேலை செய்தவர்களை. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். பணம் இருக்கிறது, அதனால் வாங்கிவிட்டார் என்று காலையில் நினைத்தது தப்பு என்று பட்டது.

மண்டப வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நான்கைந்து பையன்கள் வந்து, "அண்ணா, இந்த லோகோ ஏரோப்ளேன் ஃபேன்தானே?" என்றார்கள். அதுவரை நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். "இல்லப்பா, அது பவேரியா என்கிற ஜெர்மன் மாநிலத்தோட நீலமும் வெள்ளையும்" என்று தொடங்கினேன். கதை அந்த முன்பக்கக் கதவு வண்டிக்கு வந்தபோது உள்ளே கெட்டிமேளம் கேட்டது. ஒருத்தனும் நகரவில்லை.