மறு: ‘சப்கல்ச்சர்’ – துணைப்பண்பாடா, உட்பண்பாடா?

> குற்றவியல் பாடத்தின் கலைச்சொல் பட்டியலில் ‘சப்கல்ச்சர்’, அதாவது பெரிய சமூகத்துக்குள் ஒரு குழுவுக்கென்று இருக்கும் தனிப் பண்பாடு, என்பதற்குத் ‘துணைப்பண்பாடு’ போதும். வன்முறை சார்ந்ததற்கு மட்டும் ‘குற்றப் பண்பாடு’ என்று தனிச்சொல் வைத்துக்கொள்ளலாம். தன் ஆட்கள் எப்படி நடக்க வேண்டும் என்று ஒரு குழு வைத்திருக்கும் விதியான ‘காண்டக்ட் நார்ம்’ என்பதற்கு ‘நடத்தை நெறி’.

அம்மாவுக்கு வணக்கம்.

‘குற்றப் பண்பாடு’ வேண்டவே வேண்டாம். 1871-இல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப்பரம்பரைச் சட்டம் பிறப்பையே குற்றமாக்கியது. சட்டம் போன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. ‘சீர்மரபினர்’ என்றொரு சொல் வந்துதான் அரசுத் தாள்களில் அதன் இடத்தைப் பிடித்தது. ஒரு கூட்டத்தின் மேல் குற்றத்தை ஒட்டிவைக்கும் இன்னொரு சொல்லை நாமே செய்து கொடுக்கலாமா?

துணைப்பண்பாட்டில் என் தயக்கம் வேறு. ‘துணை’ என்றதும் மேலே ஒன்று இருக்கிறது, இது அதற்கு அடுத்த படி என்ற எண்ணம் வந்துவிடுகிறது. பிறகு மலைவாழ் மக்கள், நாடோடிகள், குடிசைப்பகுதிப் பையன்கள் என்று எளியவர்கள் தலையிலேயே சொல் போய் விடியும். தருமபுரியில் வக்கீல் தொழில் செய்துகொண்டு என்னால் அதை ஒப்ப முடியவில்லை.

அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தருமபுரி அமர்வு நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29-இல் தீர்ப்புச் சொல்வதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். 2023-இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மூன்று துறைகளைச் சேர்ந்த இத்தனை பேர் சேர்ந்து இதைச் செய்ய முடிந்ததென்றால், மலைச்சனத்தை என்ன செய்தாலும் கேட்பாரில்லை என்ற எழுதாத விதி அவர்களுக்குள் ஓடியிருக்க வேண்டும். குற்றவியல் சப்கல்ச்சர் என்று சொல்வது இதையும் சேர்த்துத்தான். ‘துறையின் உட்பண்பாடு’, ‘மலையூரின் உட்பண்பாடு’ என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு இடத்திலும் பொருந்துகிறது, யாரையும் தாழ்த்தவில்லை.

அடுத்தது ‘நடத்தை நெறி’. குற்றவியல் அறிஞர் தார்ஸ்டன் செல்லின் 1938-இல் எழுதிய நிகழ்ச்சி உங்களுக்குத் தெரிந்ததே. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் குடியேறிய சிசிலித் தகப்பன் ஒருவன், மகளைக் கெடுத்த 16 வயதுப் பையனைக் கொன்றான். குடும்ப மானத்தைக் காத்தவனை எதற்குப் பிடிக்கிறீர்கள் என்று போலீஸிடம் திகைத்துப்போய் நின்றான். அவனுக்கு அது நெறிதான். நாம் அப்படி எழுதலாமா? ‘கௌரவக் கொலை’யை ‘ஆணவக் கொலை’ என்று மாற்ற இங்கே எவ்வளவு பேச வேண்டியிருந்தது!

ஊர்க்கட்டுப்பாடு என்ற சொல் நம் மக்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. அதை மீறினால் தண்டம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் திருவிழாவுக்கு அந்த வீட்டுக் கோயில் வரியை வாங்க மாட்டார்கள். இழவு வீட்டுக்கும் யாரும் போகக் கூடாது. உள்ளே இருப்பவனுக்கு ஒழுங்கு, மாட்டிக்கொண்டவனுக்குத் தளை. இரண்டும் அந்தச் சொல்லில் இருப்பதால் ‘குழுக்கட்டுப்பாடு’ என்று முன்மொழிகிறேன்.

---

ஐயா, வணக்கம்.

உட்பண்பாடு எனக்குச் சம்மதம். குற்றப் பண்பாட்டையும் விட்டுவிடலாம்.

குழுக்கட்டுப்பாட்டில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்டத்துக்குப் பயந்து பணிவது மட்டும்தான் அது என்று மாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள். எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அஞ்செட்டி, தளி பக்கம் குழந்தைத் திருமணத்தை நிறுத்தப் போகிற அலுவலரிடம், “வயசுக்கு வந்த புள்ளைய எத்தன நாளைக்கு ஊட்ல வச்சிக்கிறது?” என்று கேட்கிற தாயை யாரும் மிரட்டவில்லை. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிரம்பாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவைப்பது குற்றம். அவள் மனசிலோ, பரிசம் போட்ட பிறகு நிறுத்துவதுதான் பெரிய தப்பு. பெண்ணுக்கு நல்லது செய்வதாகவே நம்புகிறாள்.

அதனால் பதிவை இப்படி வைக்கலாம்:

குழுக்கட்டுப்பாடு: ஓர் உட்பண்பாட்டைச் சேர்ந்தவர்கள் சரியென்று மனதார ஏற்றோ, விலக்கிவைப்புக்கு அஞ்சியோ பின்பற்றும் எழுதாத விதி, நாட்டின் சட்டத்தோடு ஒத்தும் போகலாம், மோதவும் செய்யலாம்.