வயல் காவல் நாய்களுக்குக் கட்டுப்படியான தீன் எது?

தம்பலகாமத்தில் எங்கள் வயலைக் காக்கிற இரண்டு நாட்டு நாய்களும் பெரும்போகம் (மாரிகால நெற்செய்கை) தொடங்கியதிலிருந்து மெலிந்துகொண்டே போகின்றன. கடுவனுக்கு நான்கு வயது, 18 கிலோ இருந்தவன் இப்போது 15. பெட்டை அவனைவிடச் சின்னவள். இரவு முழுக்கக் காட்டுப்பன்றி விரட்டுகிற வேலை. விலா எலும்பு தெரிகிறது, முதுகு மயிர் மங்கிச் சொரசொரவென்று கிடக்கிறது, விடியுமுன்பே சோர்ந்து படுத்துவிடுகின்றன.

பூச்சி மருந்து கொடுத்தாயிற்று. மிருக வைத்தியர் பார்த்துவிட்டு நோய் இல்லை, இந்த வேலைக்குப் புரதமும் கொழுப்பும் போதாது என்றார். அதுவரை சோறும் அவித்த சூடை மீனும்தான். அப்புறம் மலிவான உலர் தீன் ஒன்று வாங்கினேன், பையில் எழுதியிருந்த சேர்மானங்களில் முதலாவதே சோளம், புரதம் 18 சதவீதம், தின்றதில் பாதி மலமாகத்தான் போனது. 26 சதவீதப் புரதமும் 16 சதவீதக் கொழுப்பும் உள்ள தீனைப் பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றினேன், நன்றாகத் தேறினார்கள், ஆனால் அந்த விலைக்கு மாதாமாதம் வாங்க முடியாது. இப்போது சோற்றோடு கோழி ஈரல், முட்டை. அவித்த எலும்பு போடுவதில்லை, உடைந்து குடலைக் குத்தும். பெரிய சாப்பாடு காலையில், காவல் முடிந்து இளைப்பாறிய பிறகுதான்.

திருகோணமலை டவுனிலோ கந்தளாயிலோ மூட்டையாக வாங்கக்கூடிய, அந்த 26 சதவீதப் புரதம், 16 சதவீதக் கொழுப்புக்குக் கிட்ட வருகிற, விலை குறைந்த தீன் எது?